பத்து நிமிடத் தாமதத்துக்கு ஒரு நாள் ஆப்சென்ட்டா?

கேள்வி: என் மகன் சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பத்து நிமிடம் தாமதமானால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறார்கள். ஒரே மாதத்தில் மூன்றாவது முறை என்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்பி ஆப்சென்ட் போடுகிறார்கள். பஸ் தாமதத்துக்குப் பையன் என்ன செய்வான்?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: பள்ளி செய்வது தவறு. பத்து நிமிடப் பாடத்தை விட்டவனுக்கு மீதி நாள் பாடத்தையும் பறிப்பது என்ன தண்டனை? சீருடையோடு தெருவில் விடப்பட்ட பையன் நேராக வீட்டுக்குத்தான் போவான் என்று எந்தத் தலைமையாசிரியர் உத்தரவாதம் தருவார்? பகல் பதினோரு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் சுற்றும் சீருடைகளை அவரும் பார்த்திருப்பார்.

2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அது 14 வயது வரைக்குத்தான் என்று பள்ளி நழுவப் பார்க்கலாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் குற்றம் என்கிறது. வெயிலில் மயங்கி விழும்வரை ஓடவிட்டால் அந்தப் பேச்சு வரும்.

ஆப்சென்ட்தான் எனக்குப் பெரிய கவலை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வரவில்லை. அதன் பிறகுதான் பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை கட்டாயம் என்ற பேச்சு பலமாக எழுந்தது. மாதக்கணக்கில் வகுப்புக்கே வராதவனைப் பிடிக்க வேண்டிய கணக்கு அது. வாசல் வரை வந்த பையனை அதில் ஏன் சேர்க்கிறார்கள்?

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து சேலத்துக்கு இறங்கிவந்து படிக்கிற பிள்ளை பஸ்ஸைச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். இருபது கொண்டை ஊசி வளைவு. மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் அம்மா விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விட, தம்பிக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டுத்தான் அக்கா கிளம்ப முடியும். அவளுக்காக விதி வளையத்தான் வேண்டும். ஊருக்குள்ளேயே அஸ்தம்பட்டியிலிருந்து வருகிற பையனுக்கு எதற்கு? முந்தின பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். இரவு எத்தனை மணி வரை அவன் கையில் போன் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அதைச் செய்துவிட்டு, தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். தாமதத்தைத் தனியாகக் குறிக்கட்டும், மதிய இடைவேளையில் உட்காரவைத்து விட்ட பாடத்தை எழுதவைக்கட்டும், கேட்டை மட்டும் மூட வேண்டாம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. ஓடவிடுவது தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. கடிதத்தில் பஸ் கதை வேண்டாம். திருப்பி அனுப்பிய தேதிகளை மட்டும் எழுதுங்கள்.