சித்தப்பா கல்யாணத்தில் அவன் எங்கே?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. இன்னும் சட்டைப் பட்டன் போட வரவில்லை. சாப்பிட்டால் பாதி மடியில்தான். கதவு நிலையில் இடித்துக்கொள்கிறான். ஐந்து வரி எழுதினால் கை வலிக்கிறது என்கிறான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவான். சட்டைக் காலரில் உள்ள லேபிள் குத்துகிறது என்று அழுவான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். போன மாதம் கொழுந்தனார் கல்யாணத்துக்குக்கூட, மேளச் சத்தத்தில் கத்தி மானத்தை வாங்குவானே என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வளர வளரச் சரியாகிவிடுமா?
- திண்டுக்கல் வாசகி

பதில்: கல்யாணத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை. உங்களுக்கு அவர் கொழுந்தனார். அவனுக்குச் சொந்தச் சித்தப்பா. நாளைக்கு ஆல்பத்தைப் புரட்டுவான். அத்தை பிள்ளைகள் எல்லாரும் மேடையில் நிற்பார்கள். நான் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேளம் அவன் காதுக்குத் தாங்காது என்று விட்டுப் போயிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. நீங்கள் எழுதியிருப்பது உங்கள் மானத்தைப் பற்றி. உங்கள் கணவரும் தம்பி கல்யாணத்தில் மகன் இல்லாமல்தானே நின்றார்? இதை அவரும் படிக்கட்டும்.

தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5, 6 பேருக்கு இப்படி உடல் ஒத்துழைப்பதில் சிரமம் இருக்கிறது. பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நாம் பட்டன் போட்டுவிடுவோம். விரல் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி தெளிவாகச் சேராத பிள்ளை ஒவ்வொரு பட்டனையும் பார்த்து, யோசித்து, தள்ள வேண்டும். பள்ளிக்குக் கிளம்புவதற்குள்ளேயே களைத்துப்போவான். விசிலும் லேபிளும் நமக்கு ஒரு நொடியில் மறந்துபோகும். அவனுக்கு மறக்காது, குத்திக்கொண்டே இருக்கும். செல்லத்தால் வருவதில்லை இது. மாமியாரிடம் சொல்லுங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து அவன் சிரமத்துக்கு நான் பெயர் சூட்டக் கூடாது. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது பட்டன் போடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். தனியாரில் செலவாகும் என்று தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிச் சிரமங்களைப் பார்க்கும் மையம், எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள்.

வீட்டில் லேபிளை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். தையலை ஒட்டி வெட்ட வேண்டும், மிச்சம் இருந்தால் இன்னும் குத்தும். அடுப்பில் குக்கர் வைத்ததும் 'விசில் வரப்போகுது' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டனை மேலிருந்து நீங்கள் போட்டுக்கொண்டே வாருங்கள், கடைசிப் பட்டனை மட்டும் அவன் போடட்டும். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு. முடித்தது தான்தான் என்ற நிறைவு தினமும் அவனுக்குக் கிடைக்கும். சப்பாத்தி மாவு பிசையவும் அவனைக் கூப்பிடுங்கள், விரலுக்கு நல்ல வேலை.

விசேஷ வீட்டுக்கும் வழி இருக்கிறது, நீங்கள் தேடவில்லை. முதல் நாள் சாயங்காலமே, கூட்டம் சேர்வதற்குள், மண்டபத்தைச் சுற்றிக் காட்டியிருக்கலாம். ஜரிகைச் சட்டைக்குப் பதில் பலமுறை துவைத்த பருத்திச் சட்டை. ஸ்பீக்கருக்கு எட்டாத, வாசலை ஒட்டிய நாற்காலி. கெட்டிமேளத்துக்கு முன்னால் தாய்மாமன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனால் போதும். காதை மூட கடையில் இயர்மஃப் விற்கிறது. இவ்வளவுக்கும் மேல் அவன் கத்தினாலும் கத்தட்டுமே. குழந்தை அழாத கல்யாண வீடு எது?

புதுப்பெண் மாப்பிள்ளையை விருந்துக்கு அழைப்பீர்கள் அல்லவா? அன்று அப்பளத் தட்டை அவன் கையில் கொடுங்கள். சித்தப்பா, சித்தி இலையில் அவனே வைக்கட்டும். இரண்டு உடைந்தால் உடையட்டும், யாரும் தட்டைப் பிடுங்காதீர்கள். சாப்பிட்டு எழுந்ததும் அவனை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, அந்தக் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.