மூன்று நொடியில் தொடங்குங்கள்: ஆசிரியர்களை மாணவர் மையக் கற்றலுக்குப் பழக்குவது பற்றிக் கேள்வி பதில்

ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்டவை இவை. மாணவர் மையக் கற்றல் என்று நான் சொல்வது, வகுப்பில் யோசிக்கும் வேலையைப் பிள்ளைகளே செய்வதை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், நான் பயிற்றுநர் வேலைக்குப் புதிது. இருபது வருட அனுபவமுள்ள ஓர் ஆசிரியர், "இதெல்லாம் பயிற்சி வகுப்பில் கேட்க நன்றாக இருக்கும், என் வகுப்பில் எடுபடாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?

பதில்: ஒத்துக்கொள்ள வைக்க முயலவே வேண்டாம். வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் மறுநாள் அவர் வகுப்பு பழையபடிதான் நடக்கும். கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் சொன்ன வரிசை இதற்குப் பொருந்தும். முதலில் கற்பிக்கும் பழக்கத்தில் ஒரு மாற்றம் வரும், அதனால் பிள்ளைகளிடம் ஏதோ மாறியது கண்ணில் படும், ஆசிரியரின் நம்பிக்கை கடைசியில்தான் மாறும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நம்பிக்கையை மாற்றுவதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு, பழக்கம் தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறோம்.

அவரிடம் ஒரே ஒரு சின்ன விஷயம் கேளுங்கள்: கேள்வி கேட்டபின் மூன்று நொடி பேசாமல் இருக்க முடியுமா? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், பெஞ்சை நகர்த்த வேண்டாம், பாடக்குறிப்பை மாற்றி எழுதவும் வேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள், போதும். ஒரு எச்சரிக்கை: பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். முதலில் கேள்வி, பிறகு மௌனம், பெயர் கடைசியில்.

அப்புறம், அவர் மீது கோபம் வேண்டாம். பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் முன்பே, மாணவராக உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும் நாம் எல்லோரும் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அந்தப் பழக்கம் உங்களுடைய ஒரு வாரப் பயிற்சியைவிடப் பழையது.

கேள்வி: வகுப்பில் பின்னால் உட்கார்ந்து என்ன குறித்துக்கொள்ள வேண்டும்? எங்களுக்குக் கொடுத்திருக்கும் படிவத்தில் நாற்பது கட்டங்கள் இருக்கின்றன.

பதில்: படிவத்தை மடித்துப் பைக்குள் வையுங்கள். ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு தாளில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரைந்து, ஒருவர் பேசும்போதெல்லாம் அவர் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். வேலை நடக்கும்போது இரண்டு பிள்ளைகளிடம் மெதுவாகக் கேளுங்கள்: "என்ன செய்துகொண்டிருக்கிறாய்? எதற்காக?" முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவதுக்கு வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் தாளை ஆசிரியர் முன் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். இது ரொம்பக் கஷ்டம், தெரியும். ஆரம்பத்தில் நான் இரண்டு பக்கத்துக்கு ஆலோசனை எழுதிக் கொடுப்பேன். ஒரு ஆசிரியை அதை மரியாதையாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். அடுத்த முறை போனபோது அது அங்கேயே, மடிப்புக்கூடப் பிரியாமல் இருந்தது. பிறகு ஒருநாள் வெறும் கோடு போட்ட தாளைக் காட்டினேன். "ஜன்னல் பக்க வரிசையில் ஒருத்தர்கூடப் பேசவில்லையா?" என்று அவரே கேட்டார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அவரே சொன்னார். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசிரியரிடம் சொல்கிற நாம், ஆசிரியருக்கு மட்டும் விடையைக் கையில் கொடுத்துவிடுவது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கேள்வி: மூன்று நாள் பயிற்சி முகாம் போதாதா? ஒவ்வொரு வகுப்பாகப் போய் உட்கார எங்கே நேரம்?

பதில்: போதாது. கொள்கை விளக்கம், செய்து காட்டுதல், பயிற்சி, பின்னூட்டம் எல்லாம் கிடைத்தாலும், கூடவே வந்து கைகொடுக்கும் ஆள் இருந்தால்தான் புது முறை வகுப்பறைக்குள் வந்து சேரும் என்று கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே சொல்லிவிட்டார்கள். 2018இல் மேத்யூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இப்படிக் கூடவே இருந்து வழிகாட்டியதில் கற்பிக்கும் முறை 0.49 திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்புகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) அளவுக்கும், மாணவர் அடைவு 0.18 அளவுக்கும் உயர்ந்திருந்தது. இரண்டாவது எண் சிறியதாகத் தோன்றலாம், கல்வியில் அது நல்ல பலன்தான். ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். எனவே நேரம் இல்லையென்றால் ஆட்களைக் குறையுங்கள். ஐம்பது பேரை ஒருமுறை பார்ப்பதைவிட ஆறு பேரை எட்டுமுறை பார்ப்பது மேல்.

கேள்வி: மாணவர் மையம் என்றால் ஆசிரியர் வாயே திறக்கக் கூடாதா? எங்கள் பள்ளியில் ஒருவர் "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. முன்னறிவு இல்லாத பிள்ளையிடம் "கண்டுபிடி" என்றால் அது தடுமாறும், அல்லது தவறாகக் கற்றுக்கொள்ளும். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்களும் 2006இல் இதைக் கடுமையாகவே எழுதினார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு, படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகள் நன்றாக உதவும். பத்து நிமிடம் தெளிவாக விளக்கிவிட்டு, மீதி நேரத்தைப் பிள்ளைகள் யோசிக்கவும் பேசவும் தவறு செய்து திருத்தவும் விடும் ஆசிரியரை மாணவர் மையமானவர் என்றுதான் நான் சொல்வேன். அந்த வகுப்பில் யோசிக்கும் வேலையை யார் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்துவிட்ட அந்த ஆசிரியரின் வகுப்பில் யாருமே செய்யவில்லை.

கேள்வி: குழுவாகப் பிரித்தால் ஒரு பிள்ளை எழுதுகிறது, மூன்று வேடிக்கை பார்க்கின்றன.

பதில்: கொடுத்த வேலையை ஒருவரே முடிக்க முடியும் என்றால் ஒருவர்தான் முடிப்பார். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் உருவாக்கிய ஜிக்சா முறையில் ஒவ்வொருவர் கையிலும் பாடத்தின் ஒரு துண்டுதான் இருக்கும், மற்றவர்கள் துண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முழுப் பாடம் கிடைக்காது. அதற்குத் தயாரிப்பு நிறைய வேண்டும், முதல் வாரமே ஆசிரியரை அதில் தள்ளாதீர்கள். முதலில் தனியாக ஒரு நிமிடம் எழுது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அப்புறம் வகுப்புக்குச் சொல் என்ற வரிசை போதும். பெஞ்சை நகர்த்த முடியாத, அறுபது பேர் இருக்கும் வகுப்பு பற்றிக் கேட்ட மூவருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: போர்ஷன் முடியாதே?

பதில்: சில பாடங்களில் முடியாது, உண்மைதான். அதனால் எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் வருடா வருடம் தவறு செய்யும் இரண்டு மூன்று பாடங்கள் எவை என்று ஆசிரியருக்குத் தெரியும். அங்கே நேரம் செலவழியுங்கள், மற்றவற்றை வேகமாக முடியுங்கள்.

கேள்வி: மாணவர்களே "நீங்களே சொல்லிக் கொடுங்க மிஸ், அதுதான் புரியுது" என்கிறார்கள். ஆசிரியை தளர்ந்துபோய்விட்டார்.

பதில்: அவர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்மைதான், ஆனால் அந்த உணர்வை அளவுகோலாக எடுக்க வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. தாங்களே செய்து கற்ற மாணவர்கள், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள், தேர்விலோ விரிவுரை கேட்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மூளை சிரமப்படும்போது, புரியவில்லை என்று தோன்றுகிறது. இதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். சின்னத் தேர்வு ஒன்று வைத்து, விடைத்தாளையும் அவர்களிடமே காட்டட்டும்.

கேள்வி: யார் நன்றாகச் செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று தலைமை ஆசிரியர் என்னிடம் அறிக்கை கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்த மறுநாளிலிருந்து நீங்கள் போகும் வகுப்பிலெல்லாம் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும். எத்தனை வகுப்புக்குப் போனீர்கள் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். மதிப்பீடு வேண்டுமென்றால் அதை வேறொருவர் செய்யட்டும்.

கேள்வி: நான் வகுப்பு எடுத்து ஐந்து வருடம் ஆகிறது மேடம். இவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று உறுத்துகிறது.

பதில்: அடுத்த வாரம் அந்த ஆசிரியரின் வகுப்பை ஒரு பாடவேளை நீங்கள் எடுங்கள். அவர் பின்னால் உட்கார்ந்து அதே தாளில் கோடு போடட்டும். நீங்களும் மூன்று நொடி காத்திருக்க மாட்டீர்கள், நானும் போன மாதம் காத்திருக்கவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு இருவரும் பேசுங்கள், இந்த முறை அவர் முதலில் பேசட்டும்.