பூங்கா விளக்குக் கம்பத்தில் மின்சாரம் தாக்கி இறந்த பிள்ளை: சபை மீது வழக்குப் போடலாமா?

தங்கச்சி, உங்கள் அக்காவின் பிள்ளை பூங்காவில் மின்சாரம் தாக்கி இறந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. "பிள்ளையைக் கம்பத்துக்குக் கிட்ட விட்டது உங்கள் பிழை" என்று சபையில் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடத்தானே பூங்கா!

முதலில் நாட்களைப் பாருங்கள். பொதுவான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம் என்று யாராவது சொல்லுவார்கள், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உள்ளூராட்சிச் சபைக்கு எதிரான வழக்குக்கு அவகாசம் மாதக்கணக்கில்தான். அதற்குள்ளும், வழக்குக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்கு பிள்ளையின் பெற்றோரான உங்கள் அக்கா, அத்தான் பெயரில் போவதுதான் நல்லது.

முன்பெல்லாம் இலங்கையில் நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் மரணத்துக்குப் பண இழப்பைத்தான் கேட்கலாம். உழைக்காத பிள்ளைக்கு என்ன கணக்குக் காட்டுவது? ஒருவரின் மரணத்துக்கு நட்டஈடு பெறுவது பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கும் கேட்கலாம்.

ஆனால் சபையின் கவனயீனத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கம்பத்தைக் கெதியாகத் திருத்திவிடுவார்கள், இன்றே படம் எடுங்கள். திடீர் மரண விசாரணை அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இரண்டும் வேண்டும். முக்கியமாக, அந்தக் கம்பத்தைப் பற்றி முன்பே யாராவது முறையிட்டார்களா? தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பராமரிப்புப் பதிவுகளைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பூங்கா எந்தச் சபையுடையது? மாநகர சபையா, பிரதேச சபையா?