உரசும் பாதத்துக்கு உடலுக்குள் மின்கருவி

கேள்வி: என் கணவருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய் இருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு கொழும்பில் கண்டறிந்தார்கள். இப்போது நடக்கும்போது வலது பாதம் தரையில் உரசுகிறது, கையும் நடுங்குகிறது. நரம்பில் மின்கருவி பொருத்தினால் சரியாகிவிடும் என்று வெளிநாட்டிலுள்ள உறவினர் சொல்கிறார். நிலாவெளிக் காணியை விற்றாவது செய்யலாமா?
வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, காணியை விற்கும் முடிவைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். காலும் கையும் ஒரே நோயால் பாதிக்கப்பட்டிருந்தாலும், இரண்டுக்கும் உரிய கருவிகள் வேறு, பலனும் வேறு. எந்தக் கருவியும் நோயைக் குணப்படுத்துவதில்லை.

இந்நோயில் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைவதால், பாதத்தைத் தூக்கச் சொல்லும் கட்டளை கால்வரை வந்து சேர்வதில்லை. ஆனால் வடத்திலிருந்து காலுக்குச் செல்லும் நரம்பும் தசையும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனையை ஒட்டி ஓடும் அந்த நரம்புக்குச் சிறு மின்துடிப்புக் கொடுத்தால் பாதம் மேலெழும். 1961இல் லிபர்சன் என்ற மருத்துவரின் குழுவினர் பக்கவாத நோயாளர்களுக்கு இதைச் செய்துகாட்டினர். குதிகாலின் கீழ் ஓர் ஆளி இருக்கும். குதி தரையை விட்டு எழுந்ததும் மின்தூண்டல் தொடங்கும், மீண்டும் ஊன்றியதும் நின்றுவிடும். சிகிச்சைகளை மதிப்பிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனமும், நடையை மேம்படுத்துவதற்கு இம்முறைக்குப் போதிய சான்று உண்டென்று 2009இல் ஏற்றுக்கொண்டது.

இதற்குச் சத்திரசிகிச்சை கட்டாயமில்லை என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோலின் மேல் ஒட்டும் மின்முனைகளைக் கொண்டே இதைச் செய்யலாம். உட்பொருத்தும் வகையில் மின்முனை நரம்பின் மீதே வைக்கப்படுவதால், நாள்தோறும் சரியான இடம் தேடி ஒட்டும் சிரமமும், வியர்வையில் அது கழன்றுபோகும் தொல்லையும், தோல் எரிச்சலும் இல்லை. நம் ஊர் வெயிலில் இது சிறிய நன்மையன்று. ஆயினும் வெளியே ஒட்டிப் பார்த்தபோது எழாத பாதம், உள்ளே பொருத்தியதும் எழுந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கணுக்கால் இறுகிப்போயிருந்தாலும், முதுகுத் தட்டு விலகி நரம்பையே நசுக்கியிருந்தாலும் பலன் குறைவு. ஆகவே முதலில் இயன்மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் கணவர் அன்றாடம் அணியும் செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள், முன்நுனி தேய்ந்திருக்கும் விதமே பாதம் எப்படி உரசுகிறதென்று காட்டிவிடும். உடற்சூடு ஏறினால் இந்நோயாளரின் நடை தற்காலிகமாகத் தளரும் என்பதால், கச்சான் காற்று வீசும் ஒரு நண்பகலின் நடையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கை நடுக்கத்துக்கென மூளையின் ஆழத்திலுள்ள தலமசு என்ற பகுதிக்குள் மின்முனை வைப்பதுண்டு. அமெரிக்காவில் 1997இல் இதற்குக் கிடைத்த அனுமதி பார்க்கின்சன் நோய் நடுக்கத்துக்கும் எசென்ஷியல் ட்ரெமர் எனும், பல வேளைகளில் பரம்பரையாக வரும் நடுக்கத்துக்குமே உரியது. உங்கள் கணவரின் நோயில் நடுக்கம் ஓரளவு தணியலாம், தள்ளாட்டம் தணியாது. நோய் முற்றும்போது கிடைத்த பலனும் குறையக்கூடும். இதற்காக இப்போது அவசரப்படுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும், அதைப் பொருத்திய பின் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று நரம்பியல் வைத்தியரிடம் முதலில் கேளுங்கள், ஏனெனில் இந்நோயைக் கண்காணிக்க அந்தப் படம் மீண்டும் மீண்டும் தேவைப்படும். கருவி பொருத்தியவருக்கு டயதெர்மி எனும் வெப்பச் சிகிச்சை ஆபத்தானது. கருவி பொருத்தியிருப்பதை எந்தச் சிகிச்சை நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.