முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்: ரோமானியக் கல் ஈமப்பேழைகள் – கேள்வி பதில்

ரோமானியப் பேரரசில் இறந்தவரை வைத்துப் புதைத்த, சமயக் காட்சிகள் செதுக்கிய கல் பேழைகளை அடையாளம் காண்பது குறித்து வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கே: இத்தாலிப் பயணத்தில் எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். ஆள் நீளத்துக்கு ஒரு பளிங்குப் பெட்டி, முன்பக்கம் முழுக்க உருவங்கள். எங்கிருந்து தொடங்குவது?

ப: உருவங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் பின்பக்கம். ரோம் நகரப் பட்டறைப் பேழை சுவரோரம் வைப்பதற்காகச் செய்தது. அதனால் முன்பக்கம் ஆழமாகவும், இரு குறும்பக்கங்களும் மேலோட்டமாகவும் செதுக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் உளி கொத்தியபடியே கிடக்கும். நாலு பக்கமும் சமமாகச் செதுக்கியிருந்தால் ஏதென்ஸ் அல்லது சின்ன ஆசியப் (இன்றைய துருக்கி) பட்டறை என்று சந்தேகப்படலாம்.

அடுத்து கல். பெரிய படிகமும் சாம்பல் நிறப் பட்டையும் இருந்தால் துருக்கியின் மர்மரா தீவுப் பளிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். நுண்ணிய படிகம், சீரான வெண்மை என்றால் இத்தாலியின் கராரா குவாரிப் பளிங்கு. கண்ணால் இதற்கு மேல் சொல்வது ஆபத்து. கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப் சோதனைதான் குவாரியை நெருங்கிக் காட்டும்.

மேல் விளிம்பில் சிறு பள்ளங்கள், அவற்றில் துரு அல்லது ஈயம் தெரிகிறதா? மூடியை இரும்புப் பட்டையால் பிணைத்து ஈயம் காய்ச்சி ஊற்றிய இடம் அது. முன்பக்கத்தில், உருவத்தின் வயிற்றிலோ காலடியிலோ வட்டத் துளை இருந்தால் குழம்ப வேண்டாம். பிற்காலத்தில் யாரோ பேழையை நீரூற்றுத் தொட்டியாக்கிக் குழாய் பொருத்தியிருக்கிறார்கள்.

கே: ஓர் இளைஞன் ஆடையின்றி, ஒரு கையைத் தலைக்கு மேல் மடக்கிச் சாய்ந்து படுத்திருக்கிறான். கிரேக்கக் கதையா, பைபிளா?

ப: நல்ல கேள்வி, இதில் தேர்ந்தவர்களே சறுக்குவார்கள். நிலா தெய்வம் செலீனி காதலித்த எண்டிமியோன் இப்படித்தான் தூங்குவான். பெரிய மீன் விழுங்கிக் கக்கிய பைபிள் தீர்க்கதரிசி யோனாவைச் செதுக்க வேண்டி வந்தபோது சிற்பி கைக்குப் பழகிய அதே உருவத்தையே எடுத்துக்கொண்டான். தலைக்கு மேல் பந்தல் போட்டு நீளமான காய்கள் தொங்கினால் யோனா. அவருக்கு நிழல் தந்த அந்தச் செடி தமிழ் பைபிளில் ஆமணக்கு. சிற்பத்தில் சுரைக்கொடி, ஏனென்றால் அன்று புழக்கத்தில் இருந்த கிரேக்க, பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகளில் சுரை என்றே இருந்தது. பக்கத்தில் கப்பலும், வால் சுருண்ட, நாய் மூஞ்சி போன்ற முகமுள்ள கடல் பூதமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மீனைத் தேடாதீர்கள், அகப்படாது. மாறாக, ஒரு பெண் தேரிலிருந்து இறங்கி அவனை நோக்கி வந்தால் எண்டிமியோன்.

கே: தோளில் ஆடு சுமக்கும் இடையன் இருந்தால் கிறிஸ்தவப் பேழைதானே?

ப: இல்லை. ஆடு சுமப்பவர் கிறிஸ்துவுக்கு முன்பே இருந்த உருவம். கை விரித்து வேண்டும் பெண்ணும் அப்படியே, பக்தியின் பொது அடையாளம். புத்தகச் சுருள் ஏந்திய தத்துவஞானியும் எல்லாருக்கும் பொது. ஒற்றை உருவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ரோமில் சாந்தா மரியா அந்திக்குவா தேவாலயத்தில் உள்ள, ஏறக்குறைய கி.பி. 270-ஐச் சேர்ந்த பேழையில் இந்த மூன்றும் வருகின்றன. கூடவே யோனாவும் ஞானஸ்நானமும் இருப்பதால்தான் அதைக் கிறிஸ்தவப் பேழை என்று உறுதியாகச் சொல்கிறோம்.

கே: மூன்று பேர், நுனி முன்னால் மடிந்த தொப்பி. மூன்று ஞானிகளா?

ப: அந்தத் தொப்பி கீழைநாட்டவர் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். கையில் காணிக்கை, ஒரே திசையில் நடை, பின்னால் ஒட்டகத் தலை என்றால் குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள். நின்ற இடத்தில் கை விரித்து, காலடியில் தீநாக்குகள் இருந்தால் பைபிளில் தீச்சூளையில் போடப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. தீ உடைந்து போயிருந்தாலும் கைகளே காட்டிக்கொடுக்கும்.

கே: சார், கோல் பிடித்த ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார். தாடி இல்லை. யார்?

ப: பெரும்பாலும் இயேசு. நான்காம் நூற்றாண்டுப் பேழைகளில் அவர் தாடியில்லாத, சுருள்முடி இளைஞராகவே பல முறை வருவார். அவரை விடுங்கள், கோல் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். சாடிகளைத் தொட்டால் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணம் (வசனத்தில் ஆறு சாடி; இடம் போதாமல் சிற்பி மூன்று நான்கோடு நிறுத்திவிடுவான்). கூடைகள் என்றால் அப்பம் பெருகியது. சிறு கோயில் வாசலில் துணி சுற்றிய பொம்மை போல் ஒன்று நின்றால் இயேசு கல்லறையிலிருந்து உயிர்ப்பித்த லாசரு. கட்டிலை முதுகில் தூக்கிப் போகிறவன் குணமான திமிர்வாதக்காரன் (முடங்கிக் கிடந்தவன்).

கோல் பாறையைத் தட்டித் தண்ணீர் வந்தால் மட்டும் நிதானியுங்கள். மோசேயாக இருக்கலாம். ஆனால் குடிப்பவர்கள் தட்டையான உருண்டைத் தொப்பி போட்ட சிப்பாய்கள் என்றால், தட்டுகிறவர் இயேசுவின் சீடர் பேதுரு. சிறைக் காவலர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதை அது, பைபிளில் இல்லாதது. காலடியில் சேவல் நின்றால் அதுவும் பேதுருவின் காட்சிதான், இயேசுவைத் தெரியாது என்று சொன்ன மறுதலிப்பு.

கே: சிலுவையில் அறைந்த காட்சியே இல்லையே?

ப: அந்தக் காலப் பேழைகளில் தேடினாலும் கிடைக்காது. கி.பி. 350 வாக்கில் வெறும் சிலுவை மேல் வெற்றி மாலை, மாலைக்குள் கிறிஸ்துவின் கிரேக்க முதலெழுத்துகள், கீழே இரண்டு சிப்பாய்கள் உட்கார்ந்திருப்பது என்ற அமைப்பு வருகிறது. ஆகவே ‘மூன்றாம் நூற்றாண்டு’ என்று சொல்லி விற்கிற பேழையில் முழுச் சிலுவைக் காட்சி இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கே: எழுத்து இருந்தால் காலம் தெரியுமா?

ப: சில நேரம் நாள் வரைக்கும் தெரியும். வத்திக்கானில் உள்ள யூனியஸ் பாசுஸ் பேழையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோம் நகர ஆளுநர், 42 வருடம் 2 மாதம் வாழ்ந்தார், பதவியில் இருக்கும்போதே புதிதாக ஞானஸ்நானம் பெற்று இறைவனிடம் போனார் என்கிறது மேல் விளிம்பு எழுத்து. நாள்: செப்டம்பர் முதல் தேதிக்கு எட்டாம் நாள் முன்பு, யூசேபியுஸும் ஹிப்பாத்தியுஸும் கான்சலாக இருந்த வருடம் (கான்சல் என்பது ஆண்டுக்கு இருவர் வகித்த உயர் பதவி; வருடத்தை அவர்கள் பெயராலேயே குறித்தார்கள்). ரோமானியர் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள். செப்டம்பர் 1 ஒன்று, ஆகஸ்ட் 31 இரண்டு என்று பின்னால் போனால் ஆகஸ்ட் 25. அந்த இரு கான்சல்களின் வருடம் கி.பி. 359. முடிந்தது.

தொடக்கத்தில் டி, எம் என்ற இரண்டு லத்தீன் எழுத்து மட்டும் இருந்தால் ‘பித்ரு தேவதைகளுக்கு’ என்று பொருள். பழைய மதத்தவர் வழக்கம். ஆனால் பழக்கதோஷத்தில் கிறிஸ்தவர் கல்லறைகளிலும் உண்டு. அதை வைத்து மதம் சொல்ல முடியாது.

பாசுஸ் பேழையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கீழ் வரிசையில் சிங்கங்களுக்கு நடுவே நிற்கும் தானியேல் ஆடை உடுத்தியிருக்கிறார். வழக்கப்படி அவர் நிர்வாணமாக இருக்க வேண்டும். அந்த உருவம் பிற்காலத்தில் புதிதாகச் செய்து வைத்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ஒட்டுக்கோடு, சுற்றியுள்ளதைவிட வழவழப்பான பரப்பு இரண்டையும் எப்போதும் தேடுங்கள்.

கே: நடுவில் உள்ள தம்பதிக்கு முகமே இல்லை. உடைத்துவிட்டார்களா?

ப: உடைந்தால் சொரசொரப்பான முறிவு தெரியும். கட்டியாக, உளித்தடத்தோடு உருண்டையாக விட்டிருந்தால் அது முடிக்காத முகம். பேழையை முன்கூட்டியே செய்துவைத்து, வாங்கியவர் சாயலில் பிறகு முகம் செதுக்குவார்கள். பல நேரம் அந்த வேலை நடக்காமலே போனது. இது போலிக்கு அடையாளம் அல்ல.

கே: பெட்டி அறுபது செ.மீ.தான், சுண்ணாம்புக்கல், வட்டப் பூக்கள். குழந்தையுடையதா?

ப: எருசலேம் பக்கத்து யூத எலும்புப் பேழையாகத் தெரிகிறது. முதலில் உடலைக் குகையில் கிடத்தி, சதை போனபின் எலும்பை எடுத்து வைப்பார்கள். தொடை எலும்பின் நீளம்தான் பெட்டிக்கு அளவு. மனித உருவம் இருக்காது. அதையும்விடச் சிறியது, மூடியில் ஒரு துளை, அடியில் ஒரு துளை என்றால் சிரியாப் பக்கத்துப் புனிதர் நினைவுப் பேழை. மேலே ஊற்றிய எண்ணெய் எலும்பைத் தொட்டுக் கீழே வர, பக்தர்கள் வாங்கிப் போவார்கள். மூடியில் ஆள் சாய்ந்து படுத்திருக்க, முன்பக்கம் சுத்தியல் ஏந்திய பூதம் நின்றால் எத்ருஸ்கச் (இத்தாலியின் பழங்கால மக்கள்) சாம்பல் பேழை.

கே: வியாபாரி ஒருவர் இரண்டு மீட்டர் பேழை, ‘ரோமானியப் பளிங்கு’, இரண்டு பேர் தூக்கலாம் என்கிறார்.

ப: கணக்குப் போடுங்கள். 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், சுவரும் அடியும் 8 செ.மீ. தடிமன் என்றால் கல்லின் கன அளவு ஏறக்குறைய 0.3 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் மூடி இல்லாமலே 800 கிலோ. இரண்டு பேர் தூக்கினால் அது பளிங்குத்தூள் கலந்த ரெசின் (அச்சில் ஊற்றும் செயற்கைப் பிசின்). உட்புற மூலைகளில் குமிழித் துளையும் அச்சு சேர்ந்த கோடும் தெரியும், தொட்டால் கல்லின் குளிர்ச்சி இருக்காது. அமிலத் துளி விட்டுச் சோதிக்காதீர்கள், ரெசினில் உள்ள பளிங்குத்தூளும் நுரைக்கும். அசலாக இருந்தாலோ தழும்பு நிரந்தரம்.

எடை சரியாக இருந்தாலும் அடுத்த கேள்வி காகிதம். இத்தாலியில் 1909 சட்டத்திலிருந்து மண்ணில் கிடைத்த தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். அதற்கு முன்பே தனியாரிடம் இருந்ததற்கோ முறைப்படி வெளியே வந்ததற்கோ ஆவணம் கேளுங்கள். ‘பழைய குடும்பச் சொத்து’ என்ற வாய்வார்த்தைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.