கொம்பு இல்லாத வைகிங்குகள்: கேள்வி பதில்

ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து கொள்ளைக்குப் போன வைகிங்குகளின் கப்பல்கள், சண்டைகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சீரியல் பார்த்துவிட்டுக் கேட்டவை. தப்பில்லை, நானும் அப்படித்தான் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டேன். ஜடை, பச்சை குத்தல் பற்றியவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

கே: தலைக்கவசத்தில் கொம்பு இருந்ததா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்.

ப: இல்லை.

ஒரு வார்த்தை போதாது என்பவர்களுக்கு: 1876-இல் ஜெர்மனியில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்த டாப்ளர் என்ற ஓவியர் போட்ட கொம்பு அது. டென்மார்க்கில் கொம்பு வைத்த வெண்கலக் கவசங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவை வைகிங் காலத்துக்கு ஏறக்குறைய 1,700 வருடம் மூத்தவை. நார்வேயில் 1943-இல் கிடைத்த நிஜ வைகிங் கவசம் வெறும் இரும்புக் குல்லா, கண்ணைச் சுற்றி ஒரு வளையம். அவ்வளவுதான். கோடாரிச் சண்டையில் தலையில் கொம்பு வைத்துக்கொள்வது எதிரிக்குக் கைப்பிடி கொடுக்கிற மாதிரி.

கே: வைகிங் என்பது இனமா, நாடா? பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கிறேன் அண்ணா.

ப: இரண்டும் இல்லை தங்கச்சி, தொழில் என்று எழுதிக்கொள். கடல் கடந்து கொள்ளைக்குப் போவதை ‘வைகிங் போவது’ என்பார்கள். இன்றைய டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பகுதி மக்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படிப் போனதில்லை. விவசாயம், மாடு, மீன் என்று இருந்தவர்கள். போனவர்களிலும் பலர் விவசாயிகளே. ஓர்க்னி தீவுகளில் ஸ்வெய்ன் என்று ஒருவர் விதைப்பு முடிந்ததும் கிளம்புவார், கோடை நடுவில் திரும்புவார், அறுவடையை முடித்துவிட்டு மறுபடி கிளம்புவார் என்று பழைய ஐஸ்லாந்துக் கதைநூல் சொல்கிறது. அது 12-ஆம் நூற்றாண்டு. வைகிங் காலம் முடிந்துவிட்டது என்று நாம் எழுதுவது அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

கே: 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியதில் தொடங்கி இரண்டரை நூற்றாண்டு ஐரோப்பாவை நடுங்க வைத்தார்கள். அப்படி என்ன இருந்தது அவர்களிடம்? வீரமா, கொடூரமா?

ப: அந்த இரண்டிலும் அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. 782-இல் பேரரசர் சார்லமேன் ஒரே நாளில் 4,500 சாக்சன் கைதிகளை வெட்டச் சொன்னார் என்று அவருடைய ஆட்களே ஆண்டுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். வைகிங்குகளிடம் இருந்தது கப்பல். அதிலும் குறிப்பாக, அதன் ஆழம். அதாவது ஆழமில்லாமை.

1880-இல் நார்வேயில் ஒரு மண்மேட்டுக்குள்ளிருந்து எடுத்த கோக்ஸ்டாட் கப்பலைப் பாருங்கள். நீளம் 23 மீட்டர், அகலம் 5 மீட்டர், 32 துடுப்பு. இத்தனை பெரிய கப்பல் தண்ணீருக்குள் அமிழ்வது ஒரு மீட்டர் அளவுதான். இடுப்பளவுத் தண்ணீரில் ஓடும். துறைமுகம் தேவையில்லை, எந்த மணல் கரையிலும் ஏற்றிவிடலாம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வடிவம் என்பதால் குறுகிய ஆற்றில் திருப்பாமலே பின்னோக்கித் துடுப்பு போடலாம். கடலுக்கும் ஆற்றுக்கும் வேறு வேறு கப்பல் தேவைப்படாதபோது பாரிஸும் கடற்கரை ஊர்தான். 845-இல் சீன் நதி வழியாக வந்து நகரத்தைப் பிடித்து, 7,000 பவுண்டு வெள்ளி வாங்கிக்கொண்டுதான் போனார்கள். செய்தி கேட்டு, ஆள் கூட்டி, குதிரைக்குத் தீனி சேர்த்து அரசனின் படை கிளம்புவதற்குள் இவர்கள் அடுத்த ஆற்றில் இருப்பார்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் தடுத்தும் விட்டார்கள். பிரான்க் அரசர் வழுக்கைச் சார்லஸ் சீன் நதிக்குக் குறுக்கே கோட்டை வைத்த பாலம் கட்டினார். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் அரசர் 878-இல் எடிங்டனில் டேன்களை (டென்மார்க் பக்கத்து வைகிங்குகளை) ஜெயித்தபின், ஒரு நாள் நடைக்குள் போய்ச் சேரும்படி காவல் ஊர்களைக் கட்டி ஆள் நிறுத்தினார். வேகத்துக்கு வேகத்தால் பதில் சொல்லவில்லை, கதவைப் பூட்டினார்கள். அது வேலை செய்தது.

கே: எங்கப்பா நாகப்பட்டினத்தில் படகு கட்டியவர். பலகைமேல் பலகை ஏற்றி ஆணி அடித்த கப்பல் அட்லாண்டிக் அலையில் முறுக்கினால் விட்டுப்போகாதா?

ப: தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. ஓடு வேய்வதுபோல ஒரு பலகையின் விளிம்பில் அடுத்தது ஏறி உட்காரும். இடையில் தார் தோய்த்த கம்பளி நூல், அப்புறம் இரும்பு ஆணியை ஊடுருவ அடித்து உள்பக்கம் ஒரு தகடு வைத்துத் தட்டிவிடுவார்கள். ஆனால் கோக்ஸ்டாட்டில் கீழ்ப்பலகைகளை உள் வங்குக்கால்களோடு, அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்களோடு, ஆணியால் இறுக்கவில்லை. மரவேரால் கட்டினார்கள். அதனால் மேல்தோல் அசைய இடம் இருந்தது.

இன்னொரு விஷயம், பலகையை ரம்பத்தால் அறுக்கவில்லை. கருவாலி மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து கோடாரியால் செதுக்கினார்கள். நார் வெட்டுப்படாததால் மெல்லிய பலகையும் தாங்கியது.

சந்தேகம் இருந்தால் 1893-ஐப் பாருங்கள். கோக்ஸ்டாட்டின் நகல் ஒன்றைக் கட்டி, மாக்னஸ் ஆண்டர்சன் என்ற நார்வேக் கப்பல் தலைவர் பெர்கனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு 28 நாளில் போய்ச் சேர்ந்தார். அலையில் மேல்விளிம்பு 15 செ.மீ. வரை நெளிந்ததாம், ஆனாலும் தண்ணீர் புகவில்லை. பிறகு சிகாகோ உலகக் கண்காட்சி வரைக்கும் போனது அந்தக் கப்பல்.

கே: பாய் எதில் செய்தார்கள்? தோலா?

ப: கம்பளி. ஆட்டு ரோமம். நனைந்து கனக்காமல் இருக்கவும் காற்று ஊடுருவாமல் இருக்கவும் கொழுப்பும் தாரும் பூசுவார்கள். சுமார் 90 சதுர மீட்டர் பாய்க்கு வேண்டிய நூல் முழுவதும் கையால், தக்களியில் நூற்றது. கப்பலைக் கட்டுவதைவிடப் பாயை நெய்ய அதிக நாள் பிடிக்கும் என்று நகல் செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கோடாரி பிடித்த ஆண்களைப் பற்றி ஆயிரம் படம் வந்துவிட்டது. வருடக்கணக்கில் தக்களி உருட்டிய பெண்கள் இல்லாமல் ஒரு கப்பலும் கரையை விட்டு நகர்ந்திருக்காது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதியே இந்தப் பாய்தான்.

கே: திசைகாட்டி இல்லாமல் கிரீன்லாந்து வரை எப்படிப் போனார்கள்? சூரியக்கல் என்கிறார்களே?

ப: சூரியக்கல் பழைய நூல்களில் வருகிறது. வைகிங் கப்பல் எதிலும் கிடைத்ததில்லை. நான் அதை நம்பிப் படகு ஏறமாட்டேன்.

நிஜமான வழிக்குறிப்பு ஒன்று ஐஸ்லாந்து ஏட்டில் இருக்கிறது, அது கல்லைவிட அழகு. நார்வேயின் ஹெர்னாரிலிருந்து நேர் மேற்கே போ. ஷெட்லாந்து தீவுக்கு வடக்கே, வானம் தெளிந்தால் மட்டும் தெரிகிற தூரத்தில் கட. ஃபாரோ தீவுகளுக்குத் தெற்கே, மலைகள் பாதி உயரம் கடலில் மூழ்கினாற்போலத் தெரியும்படி கட. ஐஸ்லாந்துக்குத் தெற்கே, நிலம் தெரியாது, ஆனால் அதன் பறவைகளும் திமிங்கிலங்களும் கண்ணில் படும்படி கட. அடுத்தது கிரீன்லாந்து. பூமி வளைவையே அளவுகோலாக்கிவிட்டார்கள்!

ஃப்ளோகி என்பவர் மூன்று காகங்களைக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு ஐஸ்லாந்தைக் கண்டதாகவும் கதை உண்டு. கரை காணாமல் பாய்மரத்துக்கே திரும்பி வரும் பறவை, பாசுரம் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதில்லை.

எல்லோரும் போய்ச் சேரவும் இல்லை. எரிக் என்பவர் கிரீன்லாந்துக்குக் கூட்டிப்போன குடியேற்றத்தில் கிளம்பியது 25 கப்பல், சேர்ந்தது 14.

கே: கடலிலேயே சண்டை என்றால் கப்பலோடு கப்பலை மோதுவார்களா?

ப: இல்லை, மோதினால் தன் கப்பலும் போய்விடும். பாயை இறக்கிவிட்டு, அமைதியான கரையோரத் தண்ணீரில், சொந்தக் கப்பல்களைப் பக்கவாட்டில் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். மிதக்கும் மேடை மாதிரி ஆகிவிடும். முதலில் அம்பும் ஈட்டியும் கல்லும். பிறகு எதிரிக் கப்பலில் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆளைத் தீர்ப்பது. தரைச் சண்டையைத் தண்ணீரில் போடுவதுதான். அதனால் உயரமான கப்பலுக்கு மதிப்பு. 1000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்வோல்டர் சண்டையில் நார்வே அரசர் ஓலாவ் டிரிக்வசனின் ‘நீளப் பாம்பு’ 34 ஜோடித் துடுப்பு கொண்டது. கடைசிவரை பிடிபடாமல் நின்றது அதுதான். அதையும் பிடித்தபோது அவர் கடலில் குதித்துவிட்டார்.

ஆயுதத்தைக் கேட்ட இன்னொருவருக்கும் சேர்த்து: வாள் பணக்காரன் பொருள். சாதாரண ஆளிடம் ஈட்டி, கோடாரி, மரக்கேடயம்.

கே: கொள்ளைக்காரர்களை இப்படிப் புகழ்வது எனக்குப் பிடிக்கவில்லை. மடத்துச் சாமியார்களை வெட்டியவர்கள் இவர்கள்.

ப: கப்பலைத்தான் புகழ்கிறேன். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது, இன்னும் கொஞ்சம் கூட்டியே தருகிறேன். இவர்களுடைய பெரிய சரக்கு மனிதர்கள். டப்ளின் நகரம் 841-இல் ஒரு வைகிங் பாசறையாகத் தொடங்கி, அடிமைச் சந்தையாகத்தான் வளர்ந்தது.

அப்புறம் மாமூல். இங்கிலாந்து 991-இல் 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்துத் திருப்பி அனுப்பியது. கொடுத்தால் போய்விடுவார்களா? 1002-இல் 24,000, 1012-இல் 48,000. 1018-இல் டென்மார்க்கின் கனூட் அரசராகவே உட்கார்ந்துகொண்டு 72,000 வாங்கினார், லண்டன் பங்கு தனி. அந்தக் காலத்து ஆங்கிலக் காசுகள் இங்கிலாந்து மண்ணைவிட ஸ்காண்டிநேவிய மண்ணில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன. ஸ்வீடனில் உல்ஃப் என்பவரின் நினைவுக் கல்லில், இங்கிலாந்தில் மூன்று முறை பங்கு வாங்கியதையும், பங்கு கொடுத்த படைத் தலைவர்கள் தோஸ்தி, தோர்கெல், கனூட் என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓய்வூதியப் புத்தகம் மாதிரி.

கே: பெண் வீரர்கள் உண்மையா?

ப: ஸ்வீடனின் பிர்காவில் 1878-இல் தோண்டிய ஒரு கல்லறை: வாள், கோடாரி, ஈட்டி, அம்பு, இரண்டு குதிரை. ஆண் தளபதி என்றே 130 வருடத்துக்கு மேல் எண்ணியிருந்தார்கள். 2017-இல் மரபணு பார்த்தால் பெண். அவர் சண்டை போட்டவரா, ஆயுதம் பதவியின் அடையாளமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். படை படையாகப் பெண்கள் என்று இதிலிருந்து தாவ முடியாது.

கே: கிழக்கே போனவர்கள் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

ப: ஸ்வீடன் பக்கத்தினர் ருஷ்ய ஆறுகள் வழியாகக் கருங்கடல் வரை போனார்கள், நடுவில் கப்பலைத் தரையில் இழுத்துக்கொண்டு. கான்ஸ்டாண்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசருக்கு மெய்க்காப்புப் படையாகவே இருந்தார்கள். சலித்துப்போன ஒருவர் அங்கிருந்த ஹேகியா சோபியா தேவாலயத்தின் மாடத்தில் ‘ஹால்ஃப்டான்’ என்று தங்கள் ஊர் ரூன் எழுத்தில் கீறிவிட்டுப் போயிருக்கிறார். நம் கோட்டைச் சுவர்களில் கீறுகிறவர்களுக்கு முன்னோடி.

அந்தப் படையில் சம்பாதித்துத் திரும்பி நார்வே அரசரானவர் ஹரால்ட் ஹார்ட்ராடா. 1066-இல் 300 கப்பலோடு இங்கிலாந்தைப் பிடிக்கப் போனார். வெயில் என்று கவசங்களைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள் என்கிறது கதைநூல். ஸ்டாம்ஃபோர்டு பாலத்தில் ஆங்கிலேயர் திடீரென்று வந்து நின்றார்கள். மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்ப 24 கப்பல் போதுமானதாக இருந்தது.

கே: கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கா போனது நிரூபணமானதா?

ப: ஆம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1960-இல் அவர்கள் குடியிருப்பைக் கண்டுபிடித்தார்கள். அங்கே வெட்டிய மரங்கள் 1021-ஆம் ஆண்டு வெட்டியவை என்று மரவளையத்தை வைத்து 2021-இல் துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள். தங்கவில்லை, கொஞ்ச நாளில் கிளம்பிவிட்டார்கள்.

கே: தரங்கம்பாடி டேனிஷ்காரர்களும் இவர்களும் ஒன்றா?

ப: அறுநூறு வருட இடைவெளி இருக்கிறது, பீரங்கியும் கம்பெனியும் வந்துவிட்டன. 1618-இல் 24 வயது நிறையாத ஓவே கெட்டே தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் கிளம்பின. குறி உண்மையில் இலங்கை. கண்டியில் காரியம் நினைத்தபடி நடக்கவில்லை. இதற்கிடையே முன்னால் அனுப்பிய ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைப் போர்த்துகீசியர் உடைக்க, தப்பிய அவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். 1620-இல் ஒப்பந்தம், தரங்கம்பாடி, கோட்டை.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். டென்மார்க் ஐரோப்பியச் சண்டைகளில் நொடித்துப்போய், 1640-லிருந்து 1669 வரை ஒரு கப்பல்கூட அனுப்பவில்லை. ஏறக்குறைய 30 வருடம்! கோட்டையில் இருந்தவர்கள் வங்காள விரிகுடாவில் மொகலாய வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்றுப் பிழைத்தார்கள். கடைசியில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு இடத்தைக் காப்பாற்றினார். வைகிங் ரத்தம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் இந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். 1845-இல் வங்காளத்தில் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

கே: மகன் கோபன்ஹேகனில் இருக்கிறான். கோடையில் போகிறோம். ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

ப: ரோஸ்கில்ட. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. 1070 வாக்கில் எதிரி வராமல் தடுக்கத் தாங்களே கல் நிரப்பி மூழ்கடித்த ஐந்து கப்பல்களை 1962-இல் கடலடியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். சரக்குக் கப்பல், மீன்பிடிப் படகு, போர்க்கப்பல் எல்லாம் உண்டு. அதில் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல் 1042-இல் டப்ளினில் கட்டியது என்று மரத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். அதன் நகல் 2007-இல் டப்ளினுக்கே பாய் விரித்துப் போனது. கோடையில் நகல் படகுகளில் உங்களையும் ஏற்றுவார்கள், ஆனால் துடுப்பு நீங்கள்தான் போடவேண்டும். மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஜூலையிலும் காற்று சில்லென்று இருக்கும்.