விமான நிலையத்துக்குப் பக்கத்து வயலில் ட்ரோன் பறக்கவிடலாமா?

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர் திருச்சி விமான நிலையத்துக்குக் கிழக்கே, சாலை வழியாக 11 கி.மீ. தலைக்கு மேலேதான் விமானங்கள் இறங்குகின்றன. மோதிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுமதி வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ட்ரோன் பறப்பதற்காக அரசு வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. உங்கள் வயல் பச்சை மண்டலத்தில் இருந்தால் அனுமதியே தேவையில்லை. மஞ்சளில் இருந்தால் அனுமதி தரவேண்டியது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். இரண்டிலும் அந்த மனிதருக்கு வேலை இல்லை.

2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கி.மீ. வரை தரை மட்டத்திலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கி.மீ. வரை, 200 அடி உயரம்வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். சிவப்பு என்பது பறக்கத் தடையுள்ள பகுதி, அங்கே தெளிக்கும் எண்ணமே வேண்டாம்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் சொல்லும் 11 கி.மீ. பஸ் போகும் தூரம். விதி கேட்பது சுற்றுச்சுவரின் மிக அருகிலுள்ள முனையிலிருந்து நேர்கோட்டில் அளந்த தூரம். பயணிகள் ஏறி இறங்கும் கட்டடத்திலிருந்தும் அளக்கக் கூடாது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இரண்டு கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆகவே உங்கள் 11, வரைபடத்தில் ஏழரையாகிவிடலாம். ஒரே ஊரில் வாய்க்காலுக்கு மேற்கே மஞ்சள், கிழக்கே பச்சை என்றும் வரலாம். ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் வயலையே தேடிப் பாருங்கள். அதுவும் தெளிக்கும் நாளன்று காலையில். காவல்துறை எந்த இடத்தையும் 96 மணி நேரம்வரை தற்காலிகச் சிவப்பாக்க முடியும். வரப்பில் நிற்கும் பெண்ணின் கைப்பேசியில் அந்த வரைபடம் திறப்பதற்குள் நாற்று முற்றிவிடும் என்பது வேறு விஷயம். விதி எழுதியவர்கள் ஒரு நாள் சேற்றில் நின்று அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

இனி மோதல் பயம். இறங்கும் பயணிகள் விமானம் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் வருகிறது. ஓடுபாதையிலிருந்து 9 கி.மீ. தொலைவில் அது ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருக்கும். பெரிதாக இருப்பதால் தலையை உரசுவதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் ட்ரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் பறக்கிறது.

ஆனால் பேட்டரி தீரும்போதோ சிக்னல் அறும்போதோ பல ட்ரோன்கள் முதலில் மேலே எழும்பி, அதன் பிறகே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதைக் கருவியில் முன்கூட்டியே பதிந்திருப்பார்கள். விற்றவர் என்ன பதிந்தார் என்று கேளுங்கள். சுற்றியுள்ள தென்னை உச்சிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். எந்த நிலையிலும் 60 மீட்டரை, அதாவது முன்னே சொன்ன 200 அடியை, தாண்டக் கூடாது. தடையுள்ள இடத்தில் பறக்கவிடாமல் தடுக்க ட்ரோனுக்குள் இருக்கும் மென்பொருள் பூட்டைக் காட்டி, ‘பூட்டை எடுத்துவிடுகிறேன், எங்கும் பறக்கும்’ என்று சொல்லும் மெக்கானிக்கை வயலுக்குள்ளேயே விடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் ‘ட்ரோன் லைசென்ஸ்’ விற்கிறது. 2022 முதல் லைசென்ஸ் என்ற பெயரே இல்லை, அது ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்துத்தான் பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாஸ்போர்ட் கட்டாயம் என்பதும் 2023-இல் நீங்கிவிட்டது, வாக்காளர் அட்டையோ ரேஷன் அட்டையோ போதும். பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று இன்னமும் பணம் கறப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் உண்மையில் பயப்படுவது ஹெலிகாப்டருக்கு. அமைச்சர் வந்தால் கல்லூரி மைதானத்திலும் இறங்கும், தாழவும் பறக்கும். ஆள் இருக்கும் வானூர்திக்கே எப்போதும் முன்னுரிமை. ட்ரோன் இயக்குபவரின் கண் திரையில் இருக்கும். ஆகவே வானத்தைப் பார்க்க இன்னொரு பெண்ணை வரப்பில் நிறுத்துங்கள். சத்தம் கேட்டதும், எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல், டாங்கியில் மருந்து மீதமிருந்தாலும் ட்ரோனை அங்கேயே இறக்கிவிடச் சொல்லுங்கள்.